தோய்பாவின் நெற்றி

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தவன் முக்காட்டை மேலே தள்ளச் சொன்னான். நெற்றி முழுதாகத் தெரிந்தால்தான் அலுவலகத்தில் வாங்குவார்களாம். தோய்பா ஒரு விரலால் கொஞ்சம் தள்ளினாள். போதாது என்றான். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அவன் கருவியை இறக்கி அவளைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற அவள் கணவன் யிமாமைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் படத்தை எடுத்தான்.

தாளில் வந்த முகத்தை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. புருவங்களுக்கு நடுவே சற்று மேலே, பச்சை பாய்ந்த கறுப்பில் ஒரு சிலுவை. நான்கு கைகளும் ஒரே அளவு. வீட்டில் கண்ணாடி என்று இருப்பது யிமாம் மீசை கத்தரிக்கும் கையகலத் துண்டு. அதில் கண்ணைப் பார்த்தால் நெற்றி தெரியாது, நெற்றியைப் பார்த்தால் வாய் தெரியாது. முழு முகமும் அந்தக் குறியும் ஒன்றாக இருப்பதை அவள் வெகுகாலத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கே. என்னைப் பாரு, ஆட்டுத் திருடன் மாதிரி வந்திருக்கேன்" என்றார் யிமாம்.

ஜித்தாவில் வீட்டு வேலை செய்யும் மகள் ரஹ்மத்துக்கு அந்தப் படத்தை அன்றைக்கே கைப்பேசியில் அனுப்பினார்கள். பெற்றவர்களை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லி, கடைசியில் சாதித்தவள் அவள்தான். எதை அனுப்பினாலும் உடனே கூப்பிட்டுச் சிரிப்பவள், இந்தப் படத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், வழக்கமாகப் பேசும் நேரத்துக்குத்தான் கூப்பிட்டாள். மழை, மாடு, அப்பாவின் முழங்கால் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, அடிஸ் பட்டணத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. ஒளியப் பாய்ச்சிப் பச்சை குத்தினத எடுக்கறாங்க. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. நான் எல்லாம் பேசிட்டேன். விமானம் ஏற வர்றப்போ கொஞ்சம் முன்னாடியே வந்து அங்க தங்கிட்டாப் போதும்."

"எதுக்குடி?"

"ஹஜ்ஜுக்கு வர்றியேம்மா."

"இது எப்படி வந்துச்சுன்னு அல்லாவுக்குத் தெரியாதா?"

"அல்லாவுக்குத் தெரியும்மா. மத்தவங்களுக்குத் தெரியாது" என்றாள் ரஹ்மத்.

 தோய்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஹைக் ஏரிக்கு மேலே இருக்கும் இந்த மலைகளில் அவள் நெற்றி யாருக்கும் விசித்திரமில்லை. ஒரே வீட்டில் அண்ணன் மசூதிக்குப் போவான், தம்பியின் மாமியார் தேவாலயத்துக்குப் போவாள். ஆட்டை யார் அறுத்தது என்பதில் மட்டும்தான் கவனமாக இருப்பார்கள். கிறிஸ்தவ வீட்டில் அஸ்னகெச் என்று பிறந்தவள், யிமாமைக் கட்டிக்கொள்ள கலிமா சொல்லித் தோய்பா ஆனபோது, மாமியார் அவள் மோவாயைத் தூக்கி நெற்றியைப் பார்த்தாள். பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "சோளம் நல்லா அரைப்பாளா?" என்று மட்டும் மகனிடம் கேட்டாள். அவ்வளவுதான் விசாரணை. அன்றிலிருந்து அந்தச் சிலுவையோடுதான் தோய்பா ஐந்து வேளையும் தொழுதாள். நெற்றி பாயில் படும்போதெல்லாம் அதுவும் பட்டது. பட்டுப் பட்டு அந்த இடத்துத் தோல் கொஞ்சம் தடித்திருந்தது. பச்சை மட்டும் தேயவில்லை.

கையில் இருக்கும் குறியை நாமே பார்த்துக்கொள்ளலாம். நெற்றியில் இருப்பது எதிரில் நிற்பவருக்கானது. தன்னுடைய குறி எப்படிப்பட்டது என்பதை அவள் எப்போதும் மற்றவர்களின் கண்ணிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். இந்த ஊரின் கண்களில் அது மூக்கைப் போல, மச்சத்தைப் போல இருந்தது. ஆகவே அவளுக்கும் அப்படியே இருந்தது. ரஹ்மத்தின் மௌனத்துக்குப் பிறகுதான் அந்த இடம் உறுத்தத் தொடங்கியது. அடுப்பை ஊதும்போதும் தண்ணீர் மொள்ளும்போதும் விரல் தானாகப் போய் முக்காட்டைக் கீழே இழுத்தது.

குத்தியது அம்மா. தோய்பாவுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. இன்ஜெரா அப்பம் சுடும் தட்டின் அடிக்கரியைச் சுரண்டி, ஏதோ இலைச் சாற்றில் குழைத்து, ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, மகளின் தலையைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். அழுதால் கோடு கோணும் என்றாள். தோய்பா அழவில்லை. அடுத்து தங்கை ஷிதாயேவின் முறை. அக்காவின் நெற்றியில் ரத்தம் கசிந்ததை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாள். நெட்டுக்கோடு முடிந்ததுமே அம்மாவின் தொடையைக் கடித்துவிட்டுச் சோளக்காட்டுக்குள் ஓடிப்போனாள். அம்மா துரத்தவில்லை. அவளாக வந்து கேட்கட்டும், மீதியைப் போடுகிறேன் என்றாள். ஷிதாயே அழுத்தக்காரி, கேட்கவில்லை. அம்மாவும் அழுத்தக்காரி, கூப்பிடவில்லை. ஆகவே ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற தங்கையின் நெற்றியில் யாரோ விரலால் இழுத்த மாதிரி ஒற்றைக் கோடு. முழுச் சிலுவை மசூதிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சகோதரிகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களும் சிரித்தார்கள்.

தோய்பா ஊர் மசூதியின் ஷேக்கிடம் போய்க் கேட்டாள். வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ அவர் ஒரு கதவைச் சாத்திவிட்டால் நிம்மதி என்று நினைத்துத்தான் போனாள். அவர் நிதானமாக யோசித்துச் சொன்னார்: அறியாத வயதில் இன்னொருவர் கை போட்டதற்கு உன்னிடம் கணக்கு இல்லை. புதிதாக ஒரு புள்ளி வைத்தாலும் அது உன் கணக்கு. உடம்புக்குக் கேடில்லாமல் எடுக்க முடியுமானால் எடுக்கலாம். எடுக்காவிட்டாலும் குற்றமில்லை. தோய்பா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்த யிமாம் என்ன சொன்னார் என்று கேட்டார். "உன் நெத்தி, உன் பாடுன்னு சொல்லிட்டாரு" என்றாள்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரிடமும் தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எல்லோரும் எளிதாக மன்னித்தார்கள். எதிர்வீட்டு ஹவ்வாக் கிழவி மட்டும், "எல்லாத்தையும் மன்னிச்சேன். உன் நாய் என் சேவலப் புடிச்சத மட்டும் நீ திரும்பி வந்தப்பறம் பேசிக்கலாம்" என்றாள். நம் கழுதையிடமும் கேட்டுவிடு, அதற்குத்தான் உன்மேல் கோபம் அதிகம் என்றார் யிமாம்.

மிச்சம் இருந்தது ஷிதாயே. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவள் பேசவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் மிளகாய்க் குவியலைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வாள்.

தோய்பா தங்கையின் நோன்பு நாளாகப் பார்த்துத் தனியாகப் போனாள். அன்றைக்கு அவர்கள் இறைச்சி சமைப்பதில்லை. ஆகவே ஒரே தட்டில் உட்கார்ந்து சாப்பிடத் தடை இருக்காது. முகட்டைத் தாண்டி இறங்கியபோது ஷிதாயே முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முறத்தைப் பார்த்தாள்.

"வாங்க ஹாஜியம்மா."

"இன்னும் போகலையே."

"போறதுக்கு முன்னாடியே தரிசனம் கிடைச்சிருக்கு. எங்க பாக்கியம்."

ஆனாலும் எழுந்து உள்ளே கூட்டிப் போனாள். கடலைமாவுக் குழம்பை இன்ஜெராவின் நடுவே ஊற்றித் தட்டை இருவருக்கும் பொதுவாக வைத்தாள். சாப்பிடத் தொடங்கினார்கள். தங்கைக்கு முன்பல் ஒன்று விழுந்திருப்பதை தோய்பா அப்போதுதான் கவனித்தாள். எப்போது விழுந்தது என்று தனக்குத் தெரியாமல் போனது அவளுக்கு வலித்தது. ஷிதாயே காப்பிக் கொட்டையை வறுத்து, புகையை அக்காவின் பக்கம் கையால் தள்ளிவிட்டாள். விருந்தாளிக்குச் செய்வதைச் செய்தாள்.

இரண்டாவது சுற்றுக் காப்பி ஆறும்வரை காத்திருந்து தோய்பா சொன்னாள். "அம்மா அடக்கத்தன்னிக்கு நான் உள்ள வரலை. அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போக வந்தேன்."

"ஊரே உள்ள வந்துச்சு. உன் புருஷன் பாடையத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. ஹவ்வாக் கெழவி வந்து மாரடிச்சா. நீ தேவாலயத்து வாசல்ல நின்ன, நட்டுவச்ச கல்லு மாதிரி." ஷிதாயேவின் குரல் உயரவில்லை. "புருஷன் வீட்டுக்குப் பயந்து நின்னேன்னு நினைச்சுக்கலாம்னு பாத்தா, உன் புருஷன் வீடே உள்ளதான் இருந்துச்சு."

அது உண்மை. இந்த மலைகளில் ஒருவர் செத்தால் இரு மதத்தாரும் சேர்ந்துதான் தூக்குவார்கள், சேர்ந்துதான் அழுவார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வா என்று யிமாமே கையைப் பிடித்து இழுத்தார். அவள் காரணத்தை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

"பாதிரியார் கைச்சிலுவைய நீட்டிக்கிட்டே வந்தாரு" என்றாள். "ஒவ்வொருத்தரா அத முத்தம் குடுத்தாங்க. எம் புருஷன்கிட்ட நீட்டமாட்டாரு, ஹவ்வாகிட்ட நீட்டமாட்டாரு. அவங்க நெத்தி வெறும் நெத்தி. அதனால அவங்க எங்க வேணா போகலாம். பாதிரியார் புதுசா வந்தவரு, அவருக்கு என்னைத் தெரியாது. என் நெத்தியப் பாத்தா நீட்டிடுவாரு. நீட்டினா நான் குனிஞ்சிருப்பேன் ஷிதாயே. அம்மாவ அங்க கெடத்தி வச்சிருக்கு. வாய் தானாப் போயிருக்கும். அதுக்குத்தான் பயந்தேன். மத்தவங்களுக்கில்ல."

ஷிதாயே காப்பிக் குடத்தைத் தூக்கினாள், ஊற்றவில்லை. மறுபடி கீழே வைத்தாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா?"

"கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் முத்தம் குடுக்க வச்சிருப்பேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்து, வெளியே வராமல் நின்றது. மன்னித்துவிட்டேன், போய் வா என்றாள் ஷிதாயே. மூன்றாவது சுற்றை ஊற்றினாள்.

அத்தோடு எழுந்திருக்கலாம். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் ஒன்றை மறைத்துக்கொண்டு வாங்கிய மன்னிப்பு எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று தோய்பாவுக்குத் தோன்றியது. அடிஸ் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள். ரஹ்மத் கேட்டதைச் சொன்னாள். தான் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதையும் சொன்னாள்.

ஷிதாயே வெகுநேரம் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு மேலே பார்த்தாள்.

"அம்மா நெய்ஞ்ச போர்வை கிழிஞ்சு போச்சு. அவ கட்டின அடுப்பு மழையில கரைஞ்சு போச்சு. அவ கைவேலைன்னு இந்தப் பூமியில மிச்சம் ரெண்டே எடத்துலதான் இருக்கு. என்கிட்ட ஒரு கோடு. பாக்கி உன்கிட்ட. என் பங்க நானே கெடுத்துக்கிட்டேன், உனக்குத் தெரியும். உன் பங்க நீ கெடுத்துக்க." முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஹஜ்ஜுக்கு வேணும்னா இதுக்கும் சொல்லிடறேன், மன்னிச்சேன். வாய்தானே. உள்ள இருக்காது. அந்தப் பொய்யத் தூக்கிட்டுப் போறதுன்னா போ."

தோய்பா முகட்டின்மேல் ஏறும்போது மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கீழே ஏரி மங்கலாகத் தெரிந்தது. மகளுக்கு நெற்றி வெறுமையாக வேண்டும். தங்கைக்கு இருந்தபடியே வேண்டும். இருவரும் அதைப் பற்றிப் பேசியபோது அவள் அதைத் தாங்கி நிற்கும் கம்பம் போல இருந்தாள். தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். பதில் எளிதில் வரவில்லை. சிலுவையாக அது அவளுக்கு எப்போதோ பேச்சை நிறுத்திவிட்டது. அது உண்மைதான். அதற்காக அவள் அழப்போவதில்லை. ஆனால் இரண்டு காதுகளையும் அழுத்திய முழங்கால்கள் இருந்தன. வெண்ணெயும் புகையும் கலந்த வாசனை இருந்தது. கை நடுங்காதிருக்க அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டதும், ஒவ்வொரு குத்துக்கும் பிறகு அந்த மூச்சை அவள் உச்சியில் விட்டதும் இருந்தன. அவற்றை எந்த ஒளி எடுக்கும்? எடுக்காது. அப்படியானால் மேலே இருப்பதை எடுத்துவிடுவதில் என்ன நஷ்டம்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிட்டது. எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம், மகள் கேட்டதைச் செய்துவிடலாம், உயிரோடு இருப்பவளின் சொல்தான் பெரிது என்றே நினைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை ரஹ்மத் கூப்பிட்டபோது அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். வேறு கேள்வி வந்தது.

"யாரு என்ன சொன்னாங்க, ரஹ்மத்?"

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா."

"படம் அனுப்பினதுலேருந்து உன் கொரலு சரியில்ல. சொல்லு."

ரஹ்மத் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்தப் படம் வந்த அன்று அடுப்படியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்திருக்கிறாள். வேலை செய்கிற வீட்டின் எஜமானி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. இது யார், கிறிஸ்தவப் பெண்ணா என்று அவள் கேட்டாள்.

"அவங்க கெட்டவங்க இல்லம்மா. எனக்கு வேலை போயிடும்னுகூட நான் பயப்படல. அவங்க கேட்ட வெதம் இருக்கே. நான் அவங்களோட நின்னு தொழுதது, நோம்பு புடிச்சது எல்லாம் ஏமாத்துங்கற மாதிரி. நம்ம ஊரப் பத்தி அங்க எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?"

"நீ என்ன சொன்ன?"

அந்தப் பக்கம் ரஹ்மத் குழாயை மூடினாள்.

"என் அம்மா இல்லன்னு சொல்லிட்டேன். ஊர்ல பக்கத்து வீட்டுக்காரின்னு."

தோய்பா உட்கார்ந்திருந்த கட்டிலின் கயிற்றை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது கோபம் இல்லை. பெற்றவளைக் கிடத்தியிருக்கும்போது உள்ளே போகாமல் நிற்கிற காலுக்கு எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கனத்தை இந்தப் பெண் தூர தேசத்தில், ஈரக் கையோடு, தனியாகத் தாங்கியிருக்கிறாள்.

மறுமுனையில் ரஹ்மத் அழுதுகொண்டே, எடுத்துவிட்டால் இனி யாரும் கேட்கமாட்டார்கள், தானும் பொய் சொல்ல வேண்டியிருக்காது என்றாள். தோய்பா அதைக் கேட்டபடியே, யோசனை முகட்டின்மேல் எங்கே நின்றதோ அந்த இடத்துக்குத் திரும்பினாள். இந்த முறை மேலே போக முடிந்தது.

"நான் எடுக்கல, ரஹ்மத்" என்றாள். "எடுத்தா நீ சொன்னது நெசமாயிடும். அந்தப் படத்துல இருக்கறவ நெசமாவே யாருக்கும் அம்மா இல்லாமப் போயிடுவா. வேற ஒருத்தி வந்து எறங்குவா, அவள நீ அம்மான்னு கூப்பிடுவ. எனக்கு அது வேண்டாம்."

"அம்மா..."

"இரு, சொல்லி முடிச்சிடறேன். நீ என்னைப் பாக்க வந்தே ஆகணும்னு இல்ல. கூட்டத்தோட வரேன், உங்கப்பா இருக்காரு. வந்து தூரத்துல நின்னு பாத்துட்டுப் போனாலும் எனக்குக் கோவம் கிடையாது. தூரத்துல நிக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்கு நான் உன்னை மன்னிக்கணும்னுகூட இல்ல. ஆனா இதோடதான் வருவேன்."

ரஹ்மத் வைத்துவிட்டாள். தானாக அறுந்ததா, அவளே வைத்தாளா என்று தெரியவில்லை. யிமாம் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நேராக விமான நிலையத்துக்கே போய்விடலாம் என்று அடிஸில் இருக்கும் ஓர் உறவுக்காரனிடம் சொல்லிவிடட்டுமா என்று மட்டும் கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றாள்.

ஷிதாயேவுக்கு அவள் சேதி அனுப்பவில்லை. அவள் சொன்னதற்காகத்தான் எடுக்காமல் விட்டது என்று ஆகிவிடக் கூடாது. சந்தை நாள் வரும், யாராவது சொல்வார்கள், அப்போது அவள் மனதில் இருப்பது என்னவோ அது இருக்கட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கைப்பேசி ஒலிக்கவில்லை. தோய்பா அதை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் துணி தைத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே போனது. வெள்ளைத் துணிகள் தயாராகின. ஊரார் கொடுத்த வேண்டுதல்களை அவள் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டாள். ஹவ்வாவுக்கு மூட்டுவலி தீர வேண்டும், ஷேக்கின் மகனுக்குக் குழந்தை வேண்டும். தன்னுடையது என்று ஒன்றை வைக்க முயன்றபோதெல்லாம் ரஹ்மத்தின் பெயர் வரை வந்து நின்றது. அதற்குப் பிறகு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

புறப்பாட்டுக்குச் சில நாள் முன்பு, காலை வெயில் ஏறிய நேரத்தில் ரஹ்மத்தின் குரல் பதிவாகி வந்தது. யிமாம் பொத்தானை அழுத்தி, கைப்பேசியை மனைவியின் காதருகே பிடித்தார். பின்னணியில் வண்டிகளின் இரைச்சல். ரஹ்மத் நடந்துகொண்டே பேசினாள்.

"அம்மா, உங்க கூட்டத்த எந்தக் கட்டடத்துல எறக்குவாங்கன்னு கேட்டுச் சொல்லு. நான் லீவு கேட்டுட்டேன். யாரு வர்றாங்கன்னு வீட்டம்மா கேட்டாங்க. எங்கம்மான்னு சொன்னேன். அந்தப் படத்துல பாத்தீங்களே, அவங்கதான்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க. இன்னும் பேசல. பாக்கலாம். அப்பறம், மிளகாய்ப்பொடி கொஞ்சம் இடிச்சு எடுத்துட்டு வா. இங்க கெடைக்கறதுல ஒறைப்பே இல்ல."

யிமாம் இன்னொரு தடவை போடட்டுமா என்றார். தோய்பா வேண்டாம் என்று தலையசைத்தாள். உள்ளே போய் மிளகாய் மூட்டையை இழுத்து வந்து முற்றத்தில் கொட்டிப் பரப்பினாள். நெடி ஏறி இருவரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"இத்தனையுமா? விமானத்துல ஏத்துவானா?" என்றார் யிமாம்.

"ஏத்தறவரைக்கும் ஏத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, அழுகிய மிளகாயைப் பொறுக்கி எறிய அவள் வெயிலில் உட்கார்ந்தாள்.